நூறு ஏக்கரும் அறுபத்தொன்பது விழுக்காடும்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கட்டண ரசீதுகள் கிடக்கின்றன. இரண்டையும் கொடுத்தது ஒரே கல்லூரிதான். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரி. ஒன்று என்னுடையது: பி.எஸ்சி வேதியியல், காலை ஷிப்ட், ஓர் ஆண்டுக்கு ரூ.1,800 சொச்சம். இன்னொன்று என் தங்கையுடையது: அதே பி.எஸ்சி வேதியியல், பிற்பகல் ஷிப்ட், ஒரு பருவத்துக்கு மட்டும் ரூ.14,000.

நான் காலை எட்டரை மணிக்கு உட்கார்ந்த அதே பெஞ்சில்தான், நான் படித்து முடித்த ஆண்டில், அவள் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்தாள். அதே ஆய்வகம், அதே கைப்பிடி உடைந்த குழாய், அதே பாடத்திட்டம். எனக்குப் பாடம் எடுத்தவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் வந்தது. அவளுக்குப் பாடம் எடுத்தவர் எனக்கு நாலு வருடம் சீனியர், எம்.பில் முடித்தவர், நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது மாதம் பன்னிரண்டாயிரம். என் வகுப்புக்குப் பெயர் 'எய்டட்'. அவள் வகுப்புக்குப் பெயர் 'எஸ்.எஃப்'. வளாகத்தில் யாரும் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "எய்டடா, எஸ்.எஃப்பா?" என்று மட்டும் கேட்பார்கள்.

பட்டியல் சாதி மாணவி என்பதால் அவளுக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. அதை நம்பித்தான் சேர்த்தோம். அலுவலகத்தில் இருந்தவர் அப்பாவிடம், "முதல்ல கட்டிடுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் வாங்கிக்கலாம்" என்றார். அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போனது. பணம் வந்தது, அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு. தோடு திரும்பி வரவில்லை.

இந்தக் கதையை நான் இதுவரை எழுதியதில்லை. நம் வீடுகளில் பாதி வீட்டில் இதே ரசீதுகள் இருக்கும் என்பதால் இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டமுன்வடிவைப் படித்த அன்று இரண்டு ரசீதுகளையும் எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சட்டம் வந்திருந்தால், முதல் ரசீது என்கிற ஒன்றே இனி அச்சாகாமல் போகக்கூடும்.

தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் (திருத்தச்) சட்டமுன்வடிவு என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் ஒரே தொகுப்பாக வேண்டும். திருத்தம் அதை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 35 ஏக்கர், மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தது. நகரங்களில் அவ்வளவு நிலம் கிடைப்பதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இதுமட்டும் என்றால் ரியல் எஸ்டேட் செய்தியாகக் கடந்து போயிருக்கலாம். ஆனால் இன்னொரு வாசலையும் அது திறந்தது: ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தங்களைத் தனியார் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நகரத்தின் நடுவே, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இருபத்தைந்து முப்பது ஏக்கரில் இருப்பவை எவை? நம் பழைய எய்டட் கல்லூரிகள்தான். புதிதாக வரப்போகிற தனியார் பல்கலைக்கழகத்துக்காக அளவு குறைக்கப்பட்டதா, ஏற்கெனவே இருக்கிற கல்லூரியின் காம்பவுண்டு சுவரை அளந்து அளவு குறைக்கப்பட்டதா என்கிற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் உடனே எதிர்த்தன. அந்த மாதம் முடிவதற்குள் உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி. செழியன், சட்டமுன்வடிவு திரும்பப் பெறப்பட்டு மறுஆய்வு செய்யப்படும் என்று அறிவித்தார். எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்குகிற அரசு என்பது இன்றைய இந்தியாவில் சாதாரண விஷயம் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 'மறுஆய்வு' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கைவிட்டோம் என்று சொல்லவில்லை. அதனால்தான் சூடு ஆறிய இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "எய்டட் காலேஜ் எல்லாம் ஏற்கெனவே சாதிச் சங்கத்துக்காரங்க கையிலதானே இருக்கு? அது யுனிவர்சிட்டி ஆனா நமக்கென்ன, ஆகாட்டி நமக்கென்ன?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 160க்கும் மேற்பட்ட அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுப் பெயர்ப் பலகையைப் படித்தால் இந்த மாநிலத்தின் சொத்துடைமை வரலாறே தெரியும். வணிகக் குடும்பங்கள், சாதிச் சங்கங்கள், மடங்கள், மறைமாவட்டங்கள், மில் முதலாளிகள். நம் ஆள் ஒருவர் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் என் பதில் இதுதான்: அவை அவர்கள் கையில் இருப்பதால்தான் 'உதவி' என்ற சொல் நமக்கு முக்கியம். அந்தச் சொல்லை வெறும் சம்பளப் பணம் என்று புரிந்துகொண்டால் தவறு. ஒரு சாதியின் சொத்தாக இருக்கும் வளாகத்துக்குள் சட்டம் நுழைவதற்கான கதவு அது. கதவு இருப்பதால்தான் என் அப்பா போன்ற ஒருவரின் பிள்ளை அந்த வளாகத்துக்குள் விண்ணப்பத்தோடு போக முடிந்தது. தர்மகர்த்தாக்களின் மனம் இளகியதால் யாரும் எனக்கு இடம் தரவில்லை.

அந்தக் கதவு எப்படி வந்தது என்று பாருங்கள். எங்கள் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சொல்வார்: அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், கையில் வாங்குவது வேறு தொகையாக இருக்கும். நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேலை இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் எழுபதுகளில் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் நிலைமை மாறியது. 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் அந்தக் காலத்தின் விளைவு. ஆசிரியரை நீக்க அரசின் முன் அனுமதி வேண்டும். கல்லூரியை இஷ்டத்துக்கு மூட முடியாது. நினைத்தபடி சொத்தைக் கைமாற்ற முடியாது. நிர்வாகம் தன் சொந்த வீடு என்று நினைத்திருந்த இடத்தில் அரசு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

அதே நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் இடஒதுக்கீடு. 69 விழுக்காட்டைப் பாதுகாக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்லூரிகளோடு நிற்கவில்லை. அரசு நிதியிலிருந்து உதவி பெறும் கல்லூரிகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 76ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் 1994இல் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது அந்தச் சட்டம்தான். மாநிலச் சட்டமன்றம் ஒன்று தன் மக்களுக்காக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கும் முன்னால், 1951இல் வகுப்புவாரி உரிமை ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பெரியார் தொடங்கிய கிளர்ச்சியின் சூட்டில் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு பிறந்தது. அந்த வழக்கும் கல்லூரி இடம் பற்றியதுதான். கல்லூரி வாசலில்தான் இந்த மண்ணின் சாதிச் சண்டை சட்டச் சண்டையாக மாறியது.

'உதவி' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு உச்ச நீதிமன்றத்திலும் எடை உண்டு. 2005இல் இனாம்தார் வழக்கில், அரசிடம் உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது அரசு தன் இடஒதுக்கீட்டுக் கொள்கையைத் திணிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தாண்டத்தான் 93ஆவது திருத்தம் வந்தது, 15(5) பிரிவு சேர்ந்தது. தமிழ்நாடும் 2006இல் தனியார் கல்வி நிறுவனங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பொறியியலுக்கு இருப்பது போன்ற ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு சுயநிதிக் கலைக் கல்லூரிகளுக்கு இல்லை. அங்கே யார் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார் என்று பார்க்கிற கண் யாருடையது? சிறுபான்மை நிறுவனங்களுக்கோ 15(5) பொருந்தவே பொருந்தாது.

எய்டட் கல்லூரிகளைப் புனிதமாக்கிக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அங்கேயும் மாணவர் சேர்க்கையை நடத்துவது நிர்வாகம்தான். ஆசிரியர் பணியிடத்துக்கு என்ன 'ரேட்' என்று ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். எண்பதுகளின் நடுவில் சுயநிதிக் கதவு திறந்த பிறகு, இந்தக் கல்லூரிகளில் புதிதாக வந்த பாடப்பிரிவுகளில் பெரும்பாலானவை எஸ்.எஃப் தான். ஆக, என் தங்கைக்கு நடந்தது ஏதோ ஒரு நிர்வாகத்தின் பேராசை மட்டும் இல்லை. அரசு புதிய எய்டட் பிரிவுகளுக்கும் பணியிடங்களுக்கும் நிதி தருவதைச் சுருக்கிக்கொண்டது. நிர்வாகம் அந்த இடத்தில் கல்லாப்பெட்டி வைத்தது. காலையில் பொதுக் கல்லூரி, மாலையில் தனியார் கல்லூரி. 2025இன் திருத்தம், காலை ஷிப்டையும் சேர்த்து மாலை ஷிப்டாக்கிவிடலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு. இப்போது படிப்பவர்கள் நலனும் பணியாற்றுபவர்கள் நலனும் பாதுகாக்கப்படும் என்றுதான் அரசுத் தரப்பு சொன்னது. நான் கேட்பது அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளையைப் பற்றி.

நம்மில் பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. 69 விழுக்காடு என்பது ஒரு விகிதம். விகிதம் என்றால், எதில் 69 என்ற கேள்வி கூடவே வரும். அரசு நிதியில் இயங்கும் இடங்கள் குறைந்துகொண்டே போனால், 69 விழுக்காடு 69 ஆகவே இருக்கும். ஒரு புள்ளிகூட யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் நாம் உட்கார பெஞ்ச் இருக்காது. இடஒதுக்கீட்டை ஒழிக்க இடஒதுக்கீட்டுச் சட்டத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நிலச் சட்டத்தைத் திருத்தினால் போதும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியைக் குறைத்தால் போதும். யாரும் சாலைக்கு வர மாட்டார்கள், ஏனென்றால் அந்த வரியில் சாதி என்ற சொல்லே இருக்காது.

வேலைவாய்ப்பிலும் இதே கணக்குதான். அரசுக் கலைக் கல்லூரிகள் ஆண்டுக்கணக்கில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடுகின்றன. மாதம் ரூ.25,000. நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே ரூ.57,700. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. தேர்வு தள்ளிக்கொண்டே போனது. முனைவர் பட்டம் வாங்கிய நம் அண்ணன்களும் அக்காக்களும் வயது வரம்பை விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிரப்பாத பணியிடத்தில் இனச்சுழற்சி முறையை யார் மீறினார்கள் என்று கேட்கவும் முடியாது.

பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் கொடுமை. 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கேட்ட வரி ரூ.424 கோடி. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி வருமான வரி? அரசின் நிதியே பெரும்பங்கு என்றால்தான் அதற்கு வரிவிலக்கு. தணிக்கை ஆட்சேபங்களைக் காரணம் காட்டி மாநில அரசின் மானியம் சில ஆண்டுகள் குறைந்தது. மானியம் குறைந்ததும் 'அரசு நிறுவனம்' என்ற தகுதி கேள்விக்கு உள்ளானது. தகுதி போனதும் வரி. கொடுக்காத பணத்துக்குத் தண்டனையாக இருக்கிற பணமும் முடங்கியது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம், ஓய்வூதியம் கேட்டு ஊழியர்கள் போராடியதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

இதே காலத்தில் நாம் எதைப் பேசிக்கொண்டிருந்தோம்? ஆளுநரை. தவறில்லை. துணைவேந்தர் நியமனம் உள்ளிட்ட பல்கலைக்கழகச் சட்டமுன்வடிவுகளை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டார் ஆளுநர். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்துச் சட்டமுன்வடிவுகளுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கான பதிலில், அப்படிக் கருதிக்கொள்ள முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபோது கசந்தது. சட்டமன்றத்தின் உரிமைக்காக நாம் நின்றோம். நிற்க வேண்டும். ஆனால் அந்த உரிமையை வைத்துச் சட்டமன்றம் உள்ளே என்ன இயற்றுகிறது என்பதை எட்டிப் பார்க்காமல் வாசலில் காவல் மட்டும் நின்றால் எப்படி? பல்கலைக்கழகங்களை உருவாக்குவதும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலப் பட்டியலில் 32ஆவது பதிவின்கீழ் வருகிறது. கல்வி பொதுப் பட்டியலுக்குப் போன பிறகும் மிச்சமிருக்கும் பெரிய அதிகாரம் அது. அதை வைத்துப் பொதுக் கல்வியை வளர்க்கவும் முடியும், விற்கவும் முடியும்.

விற்றால் என்ன ஆகும் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. அங்கே 2002இல் இயற்றிய ஒரு சட்டத்தின் கீழ், வெறும் அரசிதழ் அறிவிப்பின் மூலம் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே இல்லை. அறிவியலாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. நம் மாநிலம் அந்த அளவுக்குப் போகாது என்பது உண்மைதான். ஆனாலும் 100 ஏக்கர் போன்ற தடைகள் எதற்காக வைக்கப்படுகின்றன என்பதை அந்தக் கதை சொல்கிறது.

எதிர்த் திசையிலும் சட்டம் நடந்திருக்கிறது, அதுவும் இங்கேயே. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவனர் குடும்பத்தின் பிடியில் இருந்து, நிதி நெருக்கடியில் விழுந்து, சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தபோது, 2013இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. தனியாரிடமிருந்து பொதுவுக்கு. ஆனால் கட்டணத்தைப் பற்றிய முடிவு அதோடு வரவில்லை. அரசின் கைக்கு வந்த பிறகும் அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ் மாணவர் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டினார். அதே கலந்தாய்வில் வேறு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தவர் பதினைந்தாயிரத்துக்குள் கட்டினார். என் வீட்டு இரண்டு ரசீதுகளின் பெரிய வடிவம் இது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விடுதி உணவு நிறுத்தப்பட்டது, அவர்கள் எழவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, அரசுக் கட்டணம் வந்தது. சட்டம் ஏழு ஆண்டுகளாகச் செய்யாமல் விட்ட பாதியை அந்த மாணவர்கள் இரண்டு மாதத்தில் செய்து முடித்தார்கள்.

7.5 விழுக்காட்டின் கதையும் அப்படித்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு என்று 2020இல் சட்டம் வந்தது. முதல் கலந்தாய்விலேயே, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய் தகப்பன், டாக்டர் சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூச்சல் எழுந்த பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அதே 7.5 விரிந்தபோது கட்டணத்தோடு விடுதிச் செலவும் அரசின் பொறுப்பானது. இன்று அந்த வழியாகப் படிக்கிற பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இடத்தோடு பணமும் சேர்ந்து வந்தால்தான் அது இடம்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான பணமோ இன்னும் அரசாணையில் தொங்குகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் அவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் முதல் பொறியாளரை உருவாக்கிய ஆணை அது. ஐந்தே ஆண்டுகளில், 2017இல், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்று இன்னொரு ஆணை வந்து அதை வெட்டியது. ஒரு செயலாளரின் கையெழுத்து கொடுத்ததை இன்னொரு செயலாளரின் கையெழுத்து எடுத்துக்கொண்டது. சட்டமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. 69க்கு ஒன்பதாவது அட்டவணை வேண்டும் என்று போராடிய மாநிலத்தில், அந்த 69க்குள் வருகிற 18க்கும் 1க்கும் உரிய பணத்துக்கு ஒரு சாதாரணச் சட்டம்கூட இல்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அந்த ஆயிரம் என்ன செய்யும் என்பது ஆயிரம் இல்லாமல் படித்தவனுக்குத் தெரியும். ஆனால் மாணவியின் கையில் ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு, அவள் சேர வேண்டிய கல்லூரியைத் தனியார் பல்கலைக்கழகமாக்கினால், அந்த ஆயிரம் அரசிடமிருந்து புறப்பட்டு அவள் கை வழியாக நிர்வாகத்தின் கல்லாவுக்குப் போய்ச் சேரும்.

தேர்தல் நெருங்குகிறது. எல்லாக் கட்சிகளின் அறிக்கையிலும் சமூகநீதி என்ற சொல் இருக்கும். நான் அந்தச் சொல்லைத் தேடப் போவதில்லை. அரசு உதவி பெற்ற எந்தக் கல்லூரியும் தனியார் பல்கலைக்கழகமாக மாற முடியாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்ப்பீர்களா? ஐம்பது ஆண்டுகளாக மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்த கல்லூரியின் நிலமும் கட்டடமும் யாருடையவை? எஸ்.எஃப் பிரிவில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவரிடம் முன்பணம் கேட்பது குற்றம் என்று சட்டத்தில் எழுதுவீர்களா? அரசாணை 92ஐச் சட்டமாக்குவீர்களா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். நம் பகுதிக்கு வாக்குக் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், அவர் சால்வை போட்டு முடித்ததும், கேளுங்கள்.

நானும் என் பங்குக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கு. நான் படித்த கல்லூரியின் வளாகத்தில் அரசு கொடுத்த நிலம் எத்தனை ஏக்கர், எய்டட் பணியிடங்கள் எத்தனை அனுமதிக்கப்பட்டன, எத்தனை காலி, கடந்த பத்து ஆண்டுகளில் நிரப்பியவை எந்த இனச்சுழற்சிப்படி நிரப்பப்பட்டன. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த தங்கை அதை வாங்கிப் படித்தாள். அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பேனாவை எடுத்துக் கீழே நான்காவதாக ஒரு கேள்வியை அவளே எழுதினாள்: பிற்பகல் ஷிப்டில் படித்த பட்டியல் சாதி மாணவர்களில் எத்தனை பேருக்கு, படிப்பை முடிப்பதற்குள் கல்வி உதவித்தொகை வந்து சேர்ந்தது?